மருந்தோடு போன கருப்பட்டி

தச்சநல்லூர் கிட்டங்கியில் சரக்கை ஏற்றிக்கொண்டு லாரி கிளம்பும்போது மழை தூறிக்கொண்டுதான் இருந்தது. வண்ணார்பேட்டையில் பஸ்களுக்கு நடுவே ஊர்ந்து வெளியே வருவதற்குள் வலுத்துவிட்டது. தாஜ் முகம்மது ஒரு கையால் ஓட்டியபடி மறு கையை வெளியே நீட்டிக் கண்ணாடியைத் துணியால் துடைத்தான். வைப்பர் இரண்டு நாளாக வேலை செய்யவில்லை.

பின்னால், தார்ப்பாய்க்கு அடியில், அட்டைப் பெட்டிகள். ஒரு குடும்பத்துக்கு ஒரு பெட்டி. துண்டு, சோப்பு, பால்மாவு, பிள்ளைகளுக்குச் சட்டை. எல்லாவற்றுக்கும் மேலே, காடாத்துணியில் தைத்த ஒரு சின்னப் பையில் குளோரின் பொடி. யாழ்ப்பாணத்துச் சனங்கள் சண்டைக்குப் பயந்து வீடு வாசலை விட்டு மழையில் நடந்து வந்து மரத்தடிகளில் கிடக்கிறார்கள் என்று ஐப்பசி முழுக்க ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது. வெள்ளம் புகுந்த கிணறுகளில் மொண்டு குடிக்கிறார்கள். பிள்ளைகளுக்கு வாந்தி பேதி. பெட்டியில் மற்றதெல்லாம் இல்லாவிட்டாலும் அந்தப் பொடி போயாக வேண்டும் என்பதுதான் லாரியில் கூட வந்த ருக்குவின் கணக்கு.

ஊரில் கூடிய நிவாரணக் குழு இரண்டு அரசாங்கத்திடமும் அலைந்து அனுமதி வாங்கியது ஒரே ஒரு தோணிக்கு. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு. அங்கிருந்து வடக்கே கொண்டுபோவதைத் தொண்டு நிறுவனம் ஒன்று ஏற்றிருந்தது. அனுமதி இன்றோடு முடிகிறது. ராத்திரி துறைமுகக் கேட்டை மூடுவதற்குள் சாமான் தோணியில் ஏறியிருக்க வேண்டும்.

லாரியின் முன்பக்கம் நாலு பேர் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். தாஜுக்கு அடுத்து இன்னாசி, அந்தத் தோணியின் தண்டல். தோணியும் அதில் போகிற ஆட்களும் அவர் பொறுப்பு. அடுத்து மஹ்மூதா பீவி, மேலப்பாளையத்துப் பெண்களைத் திரட்டி வந்து பெட்டி கட்டியவள். தனக்கும் தண்டலுக்கும் நடுவே சாப்பாட்டுக் கூடையை எல்லைக்கல் மாதிரி வைத்திருந்தாள். சன்னலோரம் ருக்கு. குழுவின் செயலாளர் சாம்பசிவத்தின் மகள். வேதியியல் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருப்பவள். பொடியைப் பற்றித் துறைமுகத்தில் யாராவது கேட்டால் பதில் சொல்லத்தான் அவளை அனுப்பியிருந்தார்கள். அதை நினைத்து அவளுக்கு நேற்றிலிருந்தே சோறு இறங்கவில்லை.

"ஏன் புள்ள மூஞ்ச இப்படி வச்சிருக்க," என்றாள் மஹ்மூதா பீவி. "பொண்ணு பாக்க வந்தவன் பஜ்ஜிய மட்டும் தின்னுட்டுப் போன மாதிரி."

"ஒண்ணுமில்லக்கா. மழைய பாக்கேன்."

"அது ஒன்னய பாக்கல. விடு."

இன்னாசி சிரிக்கவில்லை. ஏற்றுகிற சாமானைத் தன் கண்ணால் பார்த்தால்தான் தோணியில் ஏற்றுவேன் என்று காலையிலேயே தூத்துக்குடியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். கிட்டங்கியில் பெட்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் ருக்குவின் எதிரே நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தீப்பிடிக்கிற சாமான் எதும் உண்டா தாயி?"

"பொடிய ஈரமும் எண்ணெயும் படாம வச்சா ஒண்ணும் ஆகாது அண்ணாச்சி. அப்படித்தான் கட்டியிருக்கு."

"எங்க அண்ணன் தோணி பஞ்சு ஏத்திட்டுப் போயி நடுக்கடல்ல எரிஞ்சிச்சு. மரத் தோணி. எறங்கி ஓட அங்கன ரோடு கெடையாது. அதான் கேக்கேன்."

"நான் சொல்லுதேன் அண்ணாச்சி. ஒண்ணும் ஆகாது."

அவள் வாழ்க்கையில் யாருக்கும் இவ்வளவு உறுதியாக எதையும் சொன்னதில்லை. அவர் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஏற்றுங்கள் என்று கையைக் காட்டினார்.

பாளையங்கோட்டை தாண்டியதும் சாலை வெறிச்சோடியது. இன்னாசி தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடினார். மஹ்மூதா பீவி ருக்குவின் காதருகே குனிந்தாள். வெற்றிலை வாசனை அடித்தது.

"ஒரு விசயம். ஒங்கப்பாட்ட சொல்லிராத. வெறும் மருந்தா போகல."

"என்னதுக்கா?"

"மருந்துப் பை ஒவ்வொண்ணுலயும் ஒரு சில்லு கருப்பட்டி வச்சிருக்கோம். நல்ல உடன்குடிக் கருப்பட்டி. வீடு வீடா ஏறி எறங்கி வாங்குனேன். ஒங்கப்பா அனுமதி இல்லாத சாமான்னு குதிப்பாரு, அதான் மூச்சு விடல."

ருக்கு அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"எதுக்குக்கா?"

"எதுக்கா? மருந்த மட்டும் ஒருத்தருக்குக் கொடுத்தனுப்பக் கூடாது. நோவு அங்கனயே தங்கிரும். கூட ஒரு இனிப்பு போகணும். ஒங்க வீட்டுல கசாயம் குடிச்சா உள்ளங்கையில சீனி வைக்க மாட்டாவளா?"

வைப்பார்கள். கசப்பு போவதற்காக என்றுதான் ருக்கு நினைத்திருந்தாள்.

"எப்ப வச்சீங்க?"

"முந்தாநேத்து சாயந்தரம். நீ வீட்டுக்குப் போன பெறவு."

முந்தாநாள் சாயந்தரத்திலிருந்து மழை விடவில்லை. கிட்டங்கிச் சுவரெல்லாம் ஓதம் பூத்திருந்தது. இந்த ஈரத்தில் கருப்பட்டி வியர்க்கும். அடுக்களையில் பானைக்குள் வைத்தாலே அடியில் பாகு கசிந்து நிற்கும்.

அது சாதாரண பிளீச்சிங் பவுடர் இல்லை. அதைப்போல இரண்டு பங்கு வீரியம். பெரிய பிளாஸ்டிக் டிரம்களில்தான் வந்தது. டிரம்மாகப் போனால் கைவலுத்தவன் வாங்கிக்கொண்டு போவான், பெட்டிக்கு ஒரு பொட்டலமாகப் போனால்தான் கைக்குழந்தைக்காரிக்கும் போய்ச் சேரும் என்று சொல்லி அதைப் பிரிக்க வைத்தவள் ருக்கு. பொடியைப் பாலிதீனில் போட்டு, நூலால் இறுக்கிக் கட்டி, துணிப்பையில் வைக்கச் சொன்னாள். ஈரக் கை கூடாது, எண்ணெய் கூடாது, சோப்போடு ஒட்டி வைக்கக் கூடாது என்று சொன்னாள். அவள் குரல் இரண்டாவது வரிசையைக்கூட எட்டாது என்பதால் மஹ்மூதா பீவிதான் அதைத் திருப்பி உரக்கச் சொன்னாள். கருப்பட்டி கூடாது என்று ருக்கு சொல்லவில்லை. பெட்டியில் இல்லாத ஒன்றைப் பற்றி யார் சொல்வார்கள்?

பாகு பொடியைத் தொட்டால் உடனே ஒன்றும் தெரியாது. அதுதான் மோசம். மெல்லச் சூடேறும். சூடு போக வழியில்லாமல் அடுக்கில் நடுவே மாட்டிக்கொண்டால் ஏறிக்கொண்டே போகும். மூச்சை அடைக்கிற புகை வரும். பிறகு எரியும்.

எல்லாப் பையிலும் ஆகாது. நூல் இறுக்கமாக இருந்தால் ஒன்றுமே ஆகாது. ஒன்றில் ஆனால் போதும்.

அவள் இன்னாசியைப் பார்த்தாள். வாயைக் கொஞ்சம் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். இவரிடம் சொன்னால் ஏற்ற மாட்டார். வேறு தோணி கிடையாது. அனுமதி இன்றோடு முடிகிறது.

"தாஜ் அண்ணே, ஒரு டீக்கடை வந்தா நிறுத்துதீங்களா?"

அவன் காதில் விழவில்லை. மஹ்மூதா பீவி கத்தினாள். "ஏலே தாஜு, புள்ளைக்கு டீ வேணுமாம்லே."

"இப்பத்தான கெளம்புனோம் சாச்சி."

"இப்ப கெளம்புனா டீ குடிக்கக் கூடாதுன்னு சட்டமா?"

சாலையோரக் கடையில் நிறுத்தினான். ருக்கு மஹ்மூதா பீவியின் கையைப் பிடித்து லாரியின் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். தார்ப்பாயைத் தூக்கி ஓரத்துப் பெட்டி ஒன்றைத் திறந்தாள். துணிப்பை சில்லென்றிருந்தது. உள்ளே செய்தித்தாளில் சுற்றிய கருப்பட்டி. தாளை விரலால் தொட்டாள். பிசுபிசுத்தது. எழுத்தெல்லாம் பாகில் ஊறி விரலில் கறுப்பாக ஒட்டியது. பொடியின் பாலிதீன் முடிச்சு நல்ல இறுக்கம். இந்தப் பையில் ஒன்றுமில்லை.

"அக்கா, இதும் அதும் சேரக்கூடாது. சேந்தா தீப்பிடிக்கும்."

"கருப்பட்டியா?" மஹ்மூதா பீவிக்குச் சிரிப்பு வந்தது. "நாப்பது வருசமா கருப்பட்டிய அடுப்புக்குப் பக்கத்துலதான் வச்சிருக்கேன்."

"அடுப்பு வேற, இது வேறக்கா."

அவள் குரலில் இருந்த எதுவோ மஹ்மூதா பீவியின் சிரிப்பை நிறுத்தியது. "ஏட்டி, நெசமாவா? அப்ப என்ன செய்ய?"

"என்ன பாக்குதிய ரெண்டு பேரும்?" டீ டம்ளரோடு இன்னாசி பின்னால் வந்து நின்றார்.

ருக்கு வாயைத் திறந்தாள். அதற்குள் மஹ்மூதா பீவி பெட்டியை மூடினாள்.

"மழ உள்ள போச்சான்னு பாத்தோம் அண்ணாச்சி. போகல."

இன்னாசி ருக்குவைப் பார்த்தார். "எல்லாம் சரியா இருக்கா தாயி?"

"சரியா இருக்கு," என்றாள் ருக்கு.

லாரி கிளம்பியது. வாங்கிய டீயை அவள் கடையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். தோணி கிளம்பும்வரை ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். கொழும்புவரைக்கும்கூட ஆகாமல் இருக்கலாம். போய்ச் சேர்ந்தால் அந்தப் பொடி எத்தனை பிள்ளைகளைக் காப்பாற்றும் என்று எண்ணிப் பார்த்தாள். இந்தப் பக்கம் தோணியில் போகிற ஆட்களை எண்ணினாள். இந்த மாதிரி எண்ணிக்கொண்டிருப்பதே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. இன்னாசி மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார். ராத்திரி அந்தப் பெட்டிகளின் மேல்தான் பாய் விரித்துப் படுப்பார் என்று ஏனோ தோன்றியது.

"அண்ணாச்சி."

எஞ்சின் சத்தத்தில் அது அவளுக்கே கேட்கவில்லை.

"அண்ணாச்சி," என்று கத்தினாள். தாஜ் திடுக்கிட்டு பிரேக்கில் கால் வைத்தான். இன்னாசி கண்ணைத் திறந்தார்.

"கிட்டங்கியில நான் சொன்னது இப்ப சரியில்ல. டீக்கடையில சொன்னது பொய்."

சொன்னாள். பொடி, கருப்பட்டி, பாகு. வார்த்தைகள் முன்னும் பின்னுமாக வந்தன. மஹ்மூதா பீவி அவள் தொடையைக் கிள்ளினாள். பிறகு கிள்ளுவதை விட்டுவிட்டு, தன் மடியிலிருந்த கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னாசி நிமிர்ந்து உட்கார்ந்தார். தாஜ்தான் பேசினான்.

"விடுங்க அண்ணாச்சி. கருப்பட்டி தீப்பிடிக்குன்னு எவனாவது கேட்டிருக்கானா? படிச்ச புள்ளைக எதையாவது சொல்லும். அங்கன பாருங்க, முறப்பநாடே வரப்போவுது." அவன் மூக்கை உறிஞ்சினான். "யாரோ பாயசம் காச்சுதாவ. வாசம் தூக்குது."

இரண்டு பக்கமும் தண்ணீர் நிறைந்த வயல். ஒரு கூரைகூடக் கிடையாது.

"இந்த வெளியில எவன்லே பாயசம் காச்சுதான்," என்றார் இன்னாசி. "வண்டிய நிறுத்து."

லாரி நிற்பதற்குள் குதித்துவிட்டார். ருக்கு பின்னாலேயே ஓடினாள். தார்ப்பாயின் கயிற்றை அவர் அறுத்துத் தூக்கியதும் வாசனை முகத்தில் அடித்தது. காய்ச்சிய கருப்பட்டிப் பாகு. அதற்கு அடியில் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தண்ணீர்த் தொட்டி கழுவிய நாளின் நெடி. நடு அடுக்கில் ஒரு பெட்டியின் மூலை பழுப்பாகியிருந்தது. அவர்கள் பார்க்கப் பார்க்க அது கறுப்பானது.

தாஜ் கை நிறைய மண்ணை அள்ளிக்கொண்டு வந்தான்.

"மண்ணு வேண்டாம்," ருக்கு கத்தினாள். "அதுக்குக் காத்தே வேண்டாம், மூடுனாலும் எரியும். தண்ணியில தூக்கிப் போடணும். மூச்ச அடக்கிக்கிடுங்க."

இன்னாசி லேஞ்சித் துணியை எடுத்து மூக்கில் கட்டினார். மேலே ஏறி, மேலிருந்த பெட்டிகளைக் காலால் தள்ளி, அந்தப் பெட்டியை இரண்டு கையாலும் உருவினார். வெளிக்காற்று பட்டதும் ஒரு சீறல். மஞ்சள் கலந்த தீ அட்டையைத் தின்றுகொண்டு மேலே வந்தது. அவர் விடவில்லை. லாரியின் ஓரம்வரை தூக்கி வந்து, சாலையோர வாய்க்காலில் எறிந்தார். தண்ணீர் கொதித்துப் பச்சையாய் ஒரு புகை எழுந்தது. காற்று அதை வயல் பக்கம் கொண்டுபோனது. பால்மாவு டப்பா ஒன்று மிதந்து போயிற்று.

மழை பெய்துகொண்டே இருந்தது.

இன்னாசி இறங்கி, வாய்க்காலோரம் கொஞ்சம் மேலே போய், நல்ல தண்ணீரில் வலது கையை முக்கியபடி உட்கார்ந்தார். உள்ளங்கை வெந்திருந்தது.

"நான் ஏத்த மாட்டேன்," என்றார்.

மஹ்மூதா பீவி போர்த்தியிருந்த வெள்ளைத் துப்பட்டியின் நுனியைக் கிழித்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டு விலகி நின்றாள். அவள் உதடு அசைந்தது. என்ன ஓதினாளோ.

ருக்கு அவர் எதிரே குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"பிரிச்சிட்டா ஏத்தலாம் அண்ணாச்சி. கருப்பட்டி வேற, பொடி வேறன்னு ஆயிட்டா பழையபடி வெறும் மருந்துதான்."

"காலையிலயும் நீதான சொன்ன."

"காலையில எனக்குத் தெரியாது. டீக்கடையில தெரியும். டீக்கடையில சொல்லியிருக்கணும்."

அவர் கையைத் தண்ணீருக்குள் திருப்பிப் பார்த்தார்.

"தொறந்து பாத்து, ஒன் கையால தொட்டு, நீ சரின்னு சொல்லுத பெட்டிய ஏத்துதேன். நீ தொடாதது ஒண்ணுகூட என் தோணியில ஏறாது. பெறவு அழக் கூடாது."

"சரி அண்ணாச்சி."

முறப்பநாட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு நெல் அரைவை மில் இருந்தது. மழைக்கு நெல் வராமல் சும்மா கிடந்தது. தகரக் கொட்டகைக்கு அடியில் தரை காய்ந்திருந்தது. தாஜ் போய்ப் பேசினான். மில்லில் வேலை பார்க்கிற பெண்கள் நாலைந்து பேர் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தார்கள்.

லாரியைக் கொட்டகையோடு ஒட்டி நிறுத்தினார்கள். எரிந்த இடத்தைச் சுற்றியிருந்த பெட்டிகளை முதலில் இறக்கி, மற்றவற்றைச் சுவரோரம் அடுக்கினார்கள். ருக்கு தூணருகே உட்கார்ந்தாள். பெட்டியைத் திறந்து துணிப்பையை எடுத்துப் பெண்கள் கொடுப்பார்கள். அவள் கருப்பட்டியை உருவி ஒரு பக்கம் போடுவாள். பொடிப் பொட்டலத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். கையைவிடக் கன்னத்துக்குச் சூடு சீக்கிரம் தெரியும். முடிச்சைப் பார்ப்பாள். பாகு பட்டிருந்தால் கொட்டகைக்கு வெளியே மழையில் எறிந்துவிடுவாள். சரி என்றால் சரி என்று சொல்வாள். அதன்பிறகுதான் பொட்டலத்தைப் பெட்டியில் வைத்து மூட வேண்டும்.

"அக்கா, இந்தக் கருப்பட்டிய நாங்க தின்னா வயித்துல தீப்பிடிக்குமா?" ஒருத்தி கேட்டாள்.

"ஒன் வாயில ஏற்கெனவே பிடிச்சாச்சு," என்றாள் மஹ்மூதா பீவி. லாரி நின்றதிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அது. ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லை. யார் கையைவிடவும் அவள் கை வேகமாக ஓடியது. ஒவ்வொரு பொட்டலத்தையும் ருக்குவிடம் நீட்டும் முன் துப்பட்டியில் துடைத்தாள். துடைத்த இடமெல்லாம் வெள்ளைத் துணி பழுப்பேறிக்கொண்டே வந்தது.

நடுவில் ஒரு பொட்டலம் கன்னத்தில் பட்டதும் ருக்கு துள்ளி எழுந்தாள். எறிந்தாள். வெளியே குட்டையில் விழுந்து அது சீறியது. பெண்கள் பின்வாங்கினார்கள். ஒருத்தி இனி நான் தொடமாட்டேன் என்று போய்விட்டாள். மற்றவர்கள் நின்றார்கள்.

"ஏ, ஈரக் கை. தொடாதீங்க," என்று ருக்கு ஒருத்தியைப் பார்த்துக் கத்தினாள். தன் குரல் தகரத்தில் மோதித் திரும்பியது அவளுக்கு அந்நியமாகக் கேட்டது. மஹ்மூதா பீவி திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சரி சொன்ன பெட்டிகளைத் தாஜும் இன்னாசியும் சுமந்து லாரியில் அடுக்கினார்கள். இன்னாசி இடது கையாலும் நெஞ்சாலும் அணைத்துத் தூக்கினார். ஒவ்வொரு முறை வரும்போதும் பெட்டியைப் பார்க்காமல் ருக்குவைப் பார்த்தார். அவள் சரி என்று சொன்ன பிறகே தூக்கினார்.

வெளிச்சம் மங்க ஆரம்பித்தது. தாஜ் வந்து நின்றான்.

"சாச்சி, இப்ப எடுத்தாத்தான் போய்ச் சேர முடியும். இனி ஒரு நிமிசம் தங்குனாலும் கேட்ட மூடிருவான்."

சுவரோரம் திறக்காத பெட்டிகள் இன்னும் ஒரு ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன.

மஹ்மூதா பீவி ருக்குவின் அருகில் வந்து உட்கார்ந்தாள். தணிந்த குரலில் பேசினாள்.

"மேலாக்க ஒரு கை வச்சுப் பாரு புள்ள. எல்லாம் சில்லுன்னுதான் இருக்கு. தொட்டேன்னு சொல்லு. நீ சொன்னா அந்த மனுசன் எடுத்துக்கிடுவாரு."

"உள்ள இருக்கது மேல தெரியாதுக்கா."

"அது ஒவ்வொண்ணும் ஒரு வீட்டுப் பங்குல்லா. ஒரு வீட்டுப் பிள்ளைக குடிக்கிற தண்ணி."

"தெரியும்க்கா."

"ஒரு வார்த்ததான்."

ருக்கு அந்த அடுக்கைப் பார்த்தாள். கை அரிசி மாவு பட்டதுபோல வெளுத்து, தோல் வறண்டு எரிந்தது. கன்னமும் எரிந்தது. இன்னாசி கொஞ்ச தூரத்தில் நின்றார். இவர்கள் பேசுவது அவருக்குக் கேட்டிருக்கும். கேட்காத மாதிரி கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார்.

"நான் தொடல," என்று ருக்கு அவரைப் பார்த்து உரக்கச் சொன்னாள். "இது போக வேண்டாம்."

மஹ்மூதா பீவி எழுந்து தூணுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

இன்னாசி கயிற்றை முடிந்துவிட்டு வந்தார். கருப்பட்டிக் குவியல் முன்னால் நின்று காலால் ஒரு சில்லை உருட்டிப் பார்த்தார்.

"இதுல நல்லதா பாத்து ஒரு சாக்குல கட்டுங்க. எங்க ஆளுக காப்பிக்கு ஆவும். தோணிக்காரன் தின்பண்டத்த எவனும் கேக்க மாட்டான்."

மஹ்மூதா பீவி திரும்பினாள்.

"பெட்டியெல்லாம் பின்பக்கம், அமரத்துல கெடக்கும்," என்றார். "கருப்பட்டி முன்னால அணியத்துல. ரெண்டும் ஒண்ணு மூஞ்சிய ஒண்ணு பாக்காது. கொழும்புல எறக்குத அன்னிக்கு, பெட்டி வாங்க வாரவங்க கையில சாக்கயும் கொடுத்திருதேன். மருந்தோட இனிப்பு போகணும்னு சொன்னியளாமே."

"யாரு சொன்னா?"

"ஒங்க தாஜுதான். கருப்பட்டி சொமக்க ஒங்க கூட வந்தவன் வாய் சும்மா இருக்குமா?"

அவளே சாக்கை எடுத்துக் கட்டினாள். பாகு வடியாததாக ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்துப் போட்டாள். ருக்கு தூத்துக்குடி போக வேண்டியதில்லை என்று இன்னாசி சொல்லிவிட்டார். "பொடியப் பத்திக் கேட்டா என் கைய காட்டுதேன். போதும்." அவர் சிரிப்பதை அன்றைக்கு அப்போதுதான் பார்த்தார்கள். லாரியில் ஏறும்போது வெந்த கையை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.

சிவப்பு விளக்கு மழையில் மறையும்வரை இரண்டு பெண்களும் நின்றார்கள். அப்புறம் உள்ளே வந்து சுவரோரப் பெட்டிகளை இறக்கத் தொடங்கினார்கள். மில்காரர் அரிக்கேன் விளக்கைத் தூரமாக ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்.

முதல் பெட்டி. கன்னத்தில் வைத்தாள். சில்லென்று இருந்தது. முடிச்சு இறுக்கம்.

இரண்டாவதும் அப்படியே. அதற்கடுத்ததும்.

மஹ்மூதா பீவி ஒவ்வொன்றையும் கொடுத்துவிட்டு ருக்குவின் முகத்தைப் பார்த்தாள். ருக்கு தலையை மட்டும் ஆட்டினாள். ஒன்றாவது சூடாக இருக்க வேண்டும் என்று அவள் மனசு கேட்டது. கேட்டதற்கு வெட்கப்பட்டாள். அடுக்கு இடுப்புக்கு இறங்கியது, முழங்காலுக்கு இறங்கியது. சில பைகளில் தாள் நனைந்திருந்தது. பாலிதீனுக்குள் எதுவும் போகவில்லை. கடைசிப் பெட்டியின் பொட்டலத்தை அவள் இரண்டு கன்னத்திலும் வைத்துப் பார்த்தாள்.

எல்லாம் நன்றாக இருந்தன. எல்லாமே போயிருக்கலாம்.

மஹ்மூதா பீவி கடைசிக் கருப்பட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். ஏசுவாள் என்று ருக்கு காத்திருந்தாள். அவள் அதை இரண்டாக உடைத்தாள். ஒரு பாதியை ருக்குவிடம் நீட்டினாள்.

"கைய கழுவிட்டுத் தின்னு. காலையிலருந்து பட்டினி கெடக்க."

ருக்கு கூரைத் தண்ணீரில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். வந்து உட்கார்ந்து கடித்தாள். இனிப்பு எரிந்த கன்னத்துக்குள் இறங்கியது.

"இந்தப் பொடி எத்தன நாளைக்குக் கெடாம இருக்கும்?" என்று கேட்டாள் மஹ்மூதா பீவி.

"ஈரம் படாம வச்சா ஒரு வருசம் வரைக்கும்."

மஹ்மூதா பீவி பெட்டிகளைப் பார்த்தாள். வெளியே மழையைப் பார்த்தாள்.

"அப்ப எடுத்து வையி," என்றாள். "அதுக்குள்ள அங்கன சண்ட முடிஞ்சிரவா போவுது."

இருவரும் எழுந்து பெட்டிகளைக் கொட்டகையின் காய்ந்த மூலையில் அடுக்கினார்கள். கருப்பட்டியை எதிர் மூலைக்குக் கொண்டுபோய் வைத்தார்கள்.